500 டாலருக்கு ஒரு கார்டு

தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தின் பிறப்புச் சான்றிதழ் என்று சொல்லப்படுவது ஒரு வரவு செலவுத் தாள். 1892 நவம்பர் 12 அன்று பிட்ஸ்பர்க் அத்லெட்டிக் கிளப்போடு நடந்த ஆட்டத்துக்கு, அலெகெனி அத்லெட்டிக் அசோசியேஷனின் மேலாளர் ஓ. டி. தாம்சன் எழுதிவைத்த கணக்கு. முன்கையிருப்பு 432.22 டாலர். ஆட்ட வசூல் 1,683.50. எதிரணிக்குப் பேசிய தொகை 428, காசோலையாக. மைதான வாடகை 50, காசோலை. டானெலி, மேலி, ஹெஃபெல்ஃபிங்கர் மூவரின் செலவுக்கு 75, ரொக்கம். அவர்கள் தங்கிய ஷ்லாஸர் ஹோட்டலுக்கு 9, காசோலை. கடைசியாக அந்த வரி: ஆடியதற்காக டபிள்யூ. ஹெஃபெல்ஃபிங்கருக்கு ஊக்கத்தொகை 500 டாலர், ரொக்கம். மொத்தச் செலவு 1,062. எல்லாம் போக கிளப்பின் கையில் நின்றது 1,053.72.

இந்தத் தாளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த 500-ல் போய் நின்றுவிடுகிறார்கள். நிற்க வேண்டிய தொகைதான். ஓர் ஆலைத் தொழிலாளி அந்தக் காலத்து அமெரிக்காவில் வருடம் முழுக்க உழைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் பார்ப்பார். எனக்கு உறுத்துவது தொகையல்ல, ஆள். அந்த ஆள் நின்று ஆடிய இடம். அமெரிக்கக் கால்பந்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்குத்தான் கைதட்டல். அவனை விட்டுவிட்டு, பந்து அரிதாகவே கைக்கு வரும் ஒருவனுக்கா வரலாற்றின் முதல் கூலி? வில்லியம் வால்டர் ஹெஃபெல்ஃபிங்கர் ஒரு கார்டு, முன்வரிசையின் நடுவை ஒட்டி நின்று மோதுகிற ஆள். (கார்டு என்றதும் ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடி காட்டுகிறவர் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. இவரும் அப்போது ஒமாஹாவில் ஒரு ரயில்வே அலுவலகத்தில்தான் வேலை பார்த்தார்.)

பெயர் தெரிந்ததால் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான் என்பார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி 1888-ல் மாற்றிய ஒரு விதியில் இருக்கிறது.

இடுப்புக்குக் கீழே

ஹெஃபெல்ஃபிங்கர் 1867 டிசம்பரில் மினியாபொலிஸில் பிறந்தவர். 1888-ல் யேல் பல்கலைக்கழகத்துக்கு ஆட வந்தார். ஆறடி மூன்று அங்குலம், 200 பவுண்டு வாக்கில். இன்றைய கார்டுகள் 300 பவுண்டைத் தாண்டுகிறார்கள் என்பதால் நமக்கு அது பெரிதாகத் தெரியாது. அன்றைக்கு அது மலை. பட்ஜ் என்று கூப்பிட்டார்கள், உருண்டையான ஆள் என்று பொருள்படும் செல்லப்பெயர். படங்களைப் பார்த்தால் உருண்டை எதுவும் தெரியவில்லை.

அவர் வந்த வருடமே ஆட்டத்தின் எலும்புக்கூடு மாறியது. அதுவரை ஓடுகிறவனை இடுப்புக்கு மேலேதான் பிடிக்கலாம். திறந்தவெளியில் நெளிந்து ஓடத் தெரிந்தவனை அப்படிப் பிடிப்பது லேசான காரியமில்லை. ஆகவே முன்வரிசை ஏழு பேரும் மைதானத்தின் அகலத்துக்குப் பரவி நிற்பார்கள், ஓட்டக்காரர்களும் தள்ளித்தள்ளி நிற்பார்கள். 1888-ல் முழங்கால்வரை தாழ்வாகப் பிடிக்கலாம் என்று விதி வந்தது. அதே சமயம், முன்வரிசையில் இருப்பவர்கள் எதிரியைத் தடுக்கக் கைகளை நீட்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் ஆனது. முதல் விதியால் திறந்தவெளி ஓட்டம் ஏறக்குறைய செத்தது, ஏனென்றால் கால் சிக்கினால் எவ்வளவு வேகக்காரனும் விழுவான். இரண்டாவது விதியால் கைக்குப் பதில் தோளும் உடம்பும்தான் ஆயுதம் என்றானது. பரவி நின்ற வரிசை தோளோடு தோள் ஒட்டிக்கொண்டது. ஓட்டக்காரர்கள் அதன் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வந்தார்கள். நெரிசல் ஆட்டம் பிறந்தது.

மூன்று முயற்சிகளில் ஐந்து கெஜம் நகர வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. இந்த விதி 1882-லிருந்து இருந்தது. 1881-ல் யேலும் பிரின்ஸ்டனும் ஆளுக்கொரு பாதி பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஆட்டத்தைச் சுழியத்தில் முடித்த கூத்துக்குப் பின் வந்த மருந்து. முன்னோக்கிப் பந்தை எறிவது 1906 வரை கிடையாது. இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு தடவைக்கு இரண்டு கெஜம் கிடைத்தால் போதும், அந்த இரண்டு கெஜம் கிடைக்கக்கூடிய மிகப் பக்கமான வழி வரிசையின் நடு. நடுவில் நிற்பது சென்டர், அவனுக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள். அந்த மூவரின் அகலத்துக்குள் ஆட்டத்தின் பெரும்பகுதி சுருங்கிவிட்டது.

கார்டு என்ற பெயரே அந்த வேலையைச் சொல்கிறது. பந்தைப் பின்னால் தட்டிவிடும் சென்டருக்குக் காவல். சென்டர் அந்த நொடியில் நிராயுதபாணி. குனிந்திருப்பான், கவனம் பந்தில். எதிரி அவன்மேல் விழுந்தால் பந்து, அதை வாங்கி ஓட்டக்காரனிடம் கொடுக்கும் குவார்ட்டர்பேக்கின் கைக்குப் போகாமல் கோணும். ஆகவே கார்டு நகரவே கூடாது என்பது அன்றைய பாடம். நின்ற இடத்தில் மரம்போல நில், உன் எதிரில் இருப்பவனை உள்ளே விடாதே. ஹெஃபெல்ஃபிங்கரின் பெயர் நிலைத்தது இந்தப் பாடத்தை மீறியதால்.

காவல்காரன் இடத்தைவிட்டுக் கிளம்பினால்

பந்து தட்டப்பட்ட கணத்தில் அவர் வரிசையைவிட்டு வெளியே வருவார். பின்பக்கம் ஓர் எட்டு, பக்கவாட்டில் திரும்பல், பிறகு தன் அணியின் முதுகுக்குப் பின்னால் வரிசைக்கு இணையாக ஓட்டம். கடைக்கோடியில் நிற்கும் எதிரியை உடம்பால் இடித்து அகற்றுவார். அவருக்குப் பின்னால் பந்தோடு வருகிறவன் அந்தத் திறப்பில் நுழைவான். இன்று எல்லா அணிகளும் செய்வது இது. அன்று அத்தனை பெரிய உடம்பு அத்தனை வேகத்தில் ஓரத்தைச் சுற்றிவந்து மோதுவதை எதிரணிகள் பார்த்திருக்கவில்லை. கடைக்கோடியில் நிற்பவர்கள் பொதுவாக இலேசான, வேகமான ஆட்கள். அவர்கள்மேல் 200 பவுண்டு ஓடிவந்து விழுந்தால் கணக்கு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல எளிது, செய்வதில் நான்கைந்து இடங்களில் சறுக்கும். முதல் எட்டு மிகப் பின்னால் போனால் குவார்ட்டர்பேக்கின் மேலேயே மோதிவிடுவான். பின்னால் போகாமல் நேராகப் பக்கவாட்டில் கிளம்பினால் வரிசையில் தனக்கு அடுத்து நிற்கும் டேக்கிளின் குதிகாலில் தடுக்கி விழுவான். கிளம்புவதற்கு முன் எடையைப் போகிற காலின்மேல் சாய்த்தாலோ, போகிற திசையைக் கண்ணால் பார்த்தாலோ எதிரிக்கு விஷயம் முன்கூட்டியே தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, அவன் விட்டுப்போன ஓட்டை. அதை சென்டரோ டேக்கிளோ அந்த அரை நொடியில் நகர்ந்து அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் எதிரணிக் கார்டு அதன் வழியே நுழைந்து ஓட்டக்காரனைப் பின்னாலிருந்தே பிடித்துவிடுவான். ஓட்டக்காரனுக்கும் பொறுமை வேண்டும். முன்னால் போகும் கார்டை முந்திவிட்டான் என்றால் காவல் இல்லாமல் தனியே போய் மாட்டுவான். ஆக இது ஒருவன் செய்யும் வித்தை அல்ல, நாலு பேர் ஒரே தாளத்தில் செய்ய வேண்டியது. அப்படித் தாளம் பழகவைக்கிற ஒருவர் யேலில் இருந்தார்: வால்டர் கேம்ப். பகலில் நியூ ஹேவன் கடிகாரக் கம்பெனியில் வேலை. மனைவி ஆலிஸ் மைதானத்துக்குப் போய்ப் பயிற்சியைப் பார்த்துக் குறிப்பெடுப்பார். மாலையில் கேம்ப் வீட்டில் அலசல். அந்த அம்மாளுக்கு இந்த வரலாற்றில் கிடைக்கும் இடம் போதாது என்பது என் கட்சி.

தற்காப்பிலும் ஹெஃபெல்ஃபிங்கருக்கு ஒரு தனி முறை இருந்தது. அப்போது கூம்பு ஆட்டம் என்ற ஒன்று பெரிய தலைவலி. பந்து வைத்திருப்பவனை நடுவில் வைத்து மற்றவர்கள் ஆங்கில வி எழுத்து வடிவில் பிணைந்து நகர்வார்கள். வழக்கமான மறுமருந்து, முனைக்கு முன்னால் குப்புற விழுந்து கால்களை வாரிவிடுவது. விழுந்தவன்மேல் பத்துப் பேர் ஏறி மிதிப்பார்கள் என்பது அதன் விலை. தலைக்கவசம் கிடையாது, கான்வாஸ் சட்டை, அடர்த்தியாக வளர்த்த தலைமுடி, இவைதான் பாதுகாப்பு. ஹெஃபெல்ஃபிங்கர் விழவில்லை, தாவினார். முழங்கால்களை மடக்கித் தூக்கியபடி முனையில் வருகிறவனின் நெஞ்சில் போய் இறங்குவார். முனை உடைந்தால் கூம்பு இல்லை. கால் நொடி முந்தித் தாவினால் முனை இன்னும் வந்து சேர்ந்திருக்காது, காலியிடத்தில் விழுவார். பிந்தினால் கூம்பு வேகம் பிடித்து அவரையே உருட்டிக்கொண்டு போகும்.

இதற்கெல்லாம் பலன் எங்கே தெரியும்? அவர் பெயருக்கு நேராகத் தெரியாது. 1888-ல் யேல் 13 ஆட்டங்களில் 698 புள்ளிகள் எடுத்து ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. 1891-ல் மறுபடி 13 ஆட்டங்கள், 488-க்கு சுழியம். நடுவில் 1889-ல் பிரின்ஸ்டனிடமும் 1890-ல் ஹார்வர்டிடமும் ஒவ்வோர் ஆட்டம் தோற்றார்கள். அந்த நான்கு வருடமும் அவருக்குப் பின்னால் ஓடியவர் லீ மெக்லங். ஏறக்குறைய 500 புள்ளிகள் எடுத்ததாகச் சொல்லப்படுகிறது. புள்ளி மெக்லங்கின் பெயரில், வழி ஹெஃபெல்ஃபிங்கருடையது. (மெக்லங் பின்னாளில் அமெரிக்க அரசின் கருவூலர் ஆனார், டாலர் நோட்டுகளில் கையெழுத்துப் போட்டவர். அணியில் பணத்தில் அச்சான பெயர் ஒன்று, பணம் வாங்கிய பெயர் வேறு.)

1889-ல் நாட்டின் சிறந்த பதினொரு பேர் என்று முதல்முறையாக ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் ஹெஃபெல்ஃபிங்கர் இருந்தார். 1890, 1891 பட்டியல்களிலும் இருந்தார். முதல் பட்டியலின் குவார்ட்டர்பேக் பிரின்ஸ்டனின் எட்கர் ஆலன் போ. கவிஞரில்லை, கவிஞரின் உறவுக்காரர். அந்தப் பட்டியலில் இருந்த இன்னொரு பிரின்ஸ்டன்காரர் நோல்டன் ஏம்ஸ். அவர் இந்தக் கதையில் திரும்ப வருவார்.

கிளப்புகளின் கள்ளக்கணக்கு

பல்கலைக்கழகம் முடிந்ததும் ஆட ஓரிடம்தான் இருந்தது, நகரங்களின் அத்லெட்டிக் கிளப்புகள். பணக்காரர்களின் சங்கங்கள் அவை. காசுக்காக ஆடுகிறவனை உள்ளே சேர்க்கக் கூடாது என்பது அமெச்சூர் ஒன்றியத்தின் சட்டம். சட்டம் இருந்தால் சந்தும் இருக்கும். வென்றவனுக்குத் தங்கக் கடிகாரம் பரிசு கொடுப்பார்கள். அவன் அதை அடகுக்கடையில் வைத்துப் பணம் வாங்குவான். கிளப் ஆள் போய் அதை மீட்பான். அடுத்த ஆட்டத்துக்கு அதே கடிகாரம் மறுபடி பரிசு. பயணச் செலவை இரட்டிப்பாகக் கொடுப்பது இன்னொரு வழி. மூன்றாவது வழி உத்தியோகம். பிட்ஸ்பர்க் கிளப்பில் கிர்ஷ்னர் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார். கால்பந்துப் பருவத்தில் அவருடைய சம்பளம் ஏறும், வகுப்புகள் குறையும் என்று அலெகெனிக்காரர்கள் புலம்பினார்கள்.

இரு கிளப்புகளும் ஓர் ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும். 1892 அக்டோபர் 21-ல் மோதி 6-6 என்று சமமாக முடித்தன. முடிந்த பிறகுதான் சண்டை சூடு பிடித்தது. பிட்ஸ்பர்க் அணியில் ஸ்டேயர் என்ற பெயரில் நன்றாக ஆடிய ஒருவர், உண்மையில் பென் ஸ்டேட் கல்லூரி அணியின் தலைவர் ஏ. சி. ரீட் என்று தெரியவந்தது. நவம்பர் 12-ல் மறு ஆட்டம். இரு பக்கமும் ஆள் தேடின. அப்போது சிகாகோ அத்லெட்டிக் அசோசியேஷன் அணி கிழக்குப் பக்கம் ஆறு ஆட்டச் சுற்றுப்பயணத்தில் இருந்தது. ஹெஃபெல்ஃபிங்கரும் ஏம்ஸும் அதில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தூது போனது. அமெச்சூர் தகுதி போய்விடும் என்று ஏம்ஸ் விலகினார். ஹெஃபெல்ஃபிங்கர் 500-க்குக் குறைந்து வர மறுத்தார். கூடவே சிகாகோ அணியிலிருந்து டானெலி, மேலி இருவரும் கிளம்பினார்கள், செலவுக் காசுக்கு மட்டும்.

நவம்பர் 12

ரிக்ரியேஷன் பார்க்கில் அலெகெனி அணி வெளியே வந்தபோது பிட்ஸ்பர்க் மேலாளர் முகங்களை எண்ணிப் பார்த்தார். யேலின் ஹெஃபெல்ஃபிங்கரை அடையாளம் தெரியாதவர் அந்த விளையாட்டில் இருக்க முடியாது. அணியை மைதானத்திலிருந்து இறக்கிவிட்டார். வாய்த்தகராறு நீண்டது. நீங்கள் மட்டும் வெளியாட்களைக் கொண்டு வரவில்லையா என்று அலெகெனி திருப்பிக் கேட்டது, அதுவும் பொய்யில்லை. இரு பக்கமும் ஏராளமாகப் பந்தயம் கட்டியிருந்தார்கள். உண்மையான கோபம் அங்கே. கடைசியில், பந்தயமெல்லாம் ரத்து, இது வெறும் காட்சி ஆட்டம் என்று சமரசம் ஆகி ஆடினார்கள். தாமதமாகத் தொடங்கியதால் ஆட்ட நேரமும் சுருங்கியது, நவம்பர் மாலை சீக்கிரம் இருட்டும்.

முடிவு 4-0. அன்று டச் டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு, 4 புள்ளி, அதற்குப் பின் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே போட்டால் மேலும் 2. அந்த உதை நுழையவில்லை. அந்த ஒரே டச் டவுனை எடுத்தவர் ஹெஃபெல்ஃபிங்கர். எப்படி எடுத்தார் என்பதில்தான் எனக்குக் கதையே இருக்கிறது. யாரும் அவருக்குப் பந்தைக் கொடுக்கவில்லை. பிட்ஸ்பர்க்காரர் ஒருவரின் கையிலிருந்து பந்து நழுவியது. இவர் அதைப் பொறுக்கிக்கொண்டு ஓடினார். 25 கெஜம் என்றும் 35 கெஜம் என்றும் எழுதுகிறார்கள். தூரம் எதுவானாலும், நழுவிய பந்து கிடக்கிற இடத்தில் இருப்பதுதான் கார்டின் தொழில். எதிரணி எங்கே மோதுகிறதோ அங்கேயே அவன் நிற்கிறான். முதலில் போய்ச் சேருவது கொழுத்த ஆளாக இருந்தால் அவன் பந்தின்மேல் விழுந்து படுத்துக்கொள்வான். ஓரத்தைச் சுற்றி ஓடி ஓடிப் பழகிய கால் என்றால், எழுந்து ஓடும்.

இப்போது தாம்சனின் இடத்தில் உட்கார்ந்து யோசிக்கிறேன். பந்தோடு ஓடுகிற ஒரு ஹாஃப்பேக்குக்கு 500 கொடுத்திருந்தால், தன் அணி கையில் பந்து இருக்கும்போது மூன்று தடவைக்கு ஒரு தடவை அவன் பயன்படுவான். அவனுக்கு வழி திறக்கும் கார்டு கிளப் ஆளாகவே இருந்தால் அதுவும் வீண். கார்டோ ஒவ்வொரு முயற்சியிலும் நடுவில் இருக்கிறான், தாக்கும்போதும் தடுக்கும்போதும். காயம்படாமல் ஆளை மாற்ற முடியாத காலம், ஆகவே ஆட்டம் முழுக்க இருக்கிறான். யேல் ஆளுக்கும் வார இறுதியில் மட்டும் ஆடும் கிளப் ஆளுக்கும் உள்ள இடைவெளி மிகவும் அகலமாகத் தெரிவது தோளோடு தோள் மோதும் அந்த இடத்தில்தான். தாம்சன் தானும் யேலில் ஆடியவர், கேம்ப் ஆடிய காலத்தில். கைதட்டல் எங்கே விழுகிறது, ஆட்டம் எங்கே நடக்கிறது என்ற வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் வாங்கியது தவறான சரக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பந்தயம் ரத்தான பிறகு புள்ளிக்கு 125 டாலர் என்பது கொஞ்சம் கனத்த விலை, அவ்வளவுதான். அதையும் வசூல் தாங்கியது. அந்த ஒரு ஆட்டத்தில் 621.50 மிச்சம்.

அடுத்த வாரமே, நவம்பர் 19-ல், டானெலிக்கு 250 டாலர் கொடுத்து அலெகெனி மறுபடி ஆடியது. வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் கல்லூரியிடம் 8-0 என்று தோற்றது. டானெலி வரிசையின் கடைக்கோடியில் ஆடுகிற எண்ட். ஓரத்து ஆளுக்குப் பாதி விலை, நடு ஆளுக்கு முழு விலை. சந்தை ஒரே வாரத்தில் தெளிவாகிவிட்டது.

பிறகு

ஹெஃபெல்ஃபிங்கருக்கு அந்த மாலையால் எந்தக் கெட்ட பெயரும் ஒட்டவில்லை. 1893-ல் கலிஃபோர்னியா, 1894-ல் லீஹை, 1895-ல் மினசோட்டா என்று பல்கலைக்கழகங்களுக்குப் பயிற்சியாளராகப் போனார். அலெகெனிக்குத்தான் கெட்ட காலம்; அமெச்சூர் ஒன்றியம் அதை ஒதுக்கிவைத்தது. ஒதுக்கிய பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? 1896-ல் பதினொரு பேருக்கும் வெளிப்படையாகக் காசு கொடுத்து ஓர் அணி திரட்டினார்கள். அடுத்தடுத்த நாள்களில் இரண்டே ஆட்டங்கள், இரண்டிலும் வெற்றி, அதோடு கடையை மூடிவிட்டார்கள். அந்த அணியிலும் ஹெஃபெல்ஃபிங்கர் ஆடினார். பிறகு மினியாபொலிஸில் குடும்பத்தின் காலணி வியாபாரம், நிலம், அரசியல் என்று வாழ்க்கை போனது. 1933-ல் கூட, 65 வயதில், ஒரு தர்ம ஆட்டத்தில் கான்வாஸ் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

இத்தனைக்கும் முதல் தொழில்முறை ஆட்டக்காரர் என்ற பட்டம் பல பத்தாண்டுகளாக வேறொருவரிடம் இருந்தது. ஜான் பிராலியர். 1895 செப்டம்பர் 3 அன்று லட்ரோபில், ஜீனெட் அணிக்கு எதிராக, பத்து டாலரும் செலவுக் காசும் வாங்கிக்கொண்டு ஆடினார். பின்னாளில் பல் மருத்துவர். தொழில்முறை அணிகளின் தேசிய லீக்கான என்.எஃப்.எல். அவருக்கு வாழ்நாள் இலவச அனுமதிச்சீட்டு கொடுத்து கௌரவித்தது. அவரோ குவார்ட்டர்பேக், பந்தைத் தொடுகிறவர். முதல் கூலி அவருக்கு என்றால் யாருக்கும் உறுத்தியிருக்காது. 1960-களில் நெல்சன் ராஸ் என்ற ஆய்வாளர் தட்டச்சு செய்த ஒரு கட்டோடு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற தொழில்முறை அணியின் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, தாம்சனின் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. ஹெஃபெல்ஃபிங்கர் 1954 ஏப்ரலிலேயே டெக்ஸாஸில் பிளெஸ்ஸிங் என்ற சிற்றூரில் இறந்துவிட்டிருந்தார். அந்த ரொக்கத்துக்கு அவரிடம் யாரும் ரசீது கேட்கவில்லை போலும். ஒன்பது டாலருக்குக் காசோலை கிழித்த அந்தத் தாளில், 500-க்கு நேராக அவருடைய கையெழுத்து இல்லை.